விருது வாங்கிய லயம்

‘பசுமை’ என்ற சொல் காதில் விழுந்தால் யசோதினிக்கு உதட்டோரம் தானாகக் கோணும். வேடிக்கை என்னவென்றால், அவளுடைய பிழைப்பே அந்தச் சொல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளுக்கு நிலைபேறான வடிவமைப்பு கற்பித்தாள். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள் முதல் வகுப்பிலேயே தங்கள் கனவுக் கட்டடத்தை வரைந்துகொண்டு வந்து நீட்டுவார்கள். எல்லாம் ஒரே அச்சு. உயரமான கண்ணாடிப் பெட்டி, மாடிக்கு மாடி தொங்கும் கொடிகள், வானத்தில் நாலு பறவை.

“இந்தக் கொடிக்கெல்லாம் யார் தண்ணி ஊத்துறது?” என்று கேட்பாள்.

“ஒட்டோமெட்டிக், மிஸ்.”

“மோட்டர் பழுதானா?”

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்தத் தவணை முழுவதும் யாரும் புதிதாக ஒரு கோடு இழுக்கக் கூடாது என்பது அவள் போட்டிருந்த சட்டம். ஏற்கெனவே நிற்கிற ஒரு கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு அதோடேயே கிடக்க வேண்டும். எந்தச் சுவரில் வெயில் விழுகிறது, மழை பெய்தால் எங்கே ஒழுகுகிறது, எந்த ஜன்னலை யாருமே திறப்பதில்லை, ஏன் திறப்பதில்லை, இடத்தைக் கூட்டித் துடைக்கிறவர் எங்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். “ரிப்பன் வெட்டின அன்னைக்கு எல்லாக் கட்டடமும் அழகுதான். நாலு மழைக் காலம் போன பிறகு அதுக்குள்ள போய் உட்காருங்க” என்பாள். கூட வேலை செய்த விரிவுரையாளர்கள் அவளைப் பின்னால் ‘பழைய வீட்டு மிஸ்’ என்றார்கள். அவளுக்கு அது தெரியும். அவர்கள் கட்டிய வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து பார்த்திருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தப் பார்வை அவளுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் பிறந்தவள். அப்பா அழகையாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் அவர் நிற்பார். சாப்பாடு கொண்டுபோகும்போது சிறுமி யசோதினி அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குவாள். நீளமான மாடி, இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள், சுத்தமான காற்று, கதகதப்பு. வீட்டுக்கு வந்தால் ஒரு கதவு, புகை, ஓதமேறிய சுவர், அம்மாவின் இருமல். ஸ்டோரைக் கட்டியவனும் லயத்தைக் கட்டியவனும் ஒரே கம்பெனிக்காரன்தான் என்று பிற்பாடு தெரிந்தபோது அவளுக்கு வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை. தேயிலைக்குக் கட்டும்போது காற்றைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆளுக்குக் கட்டும்போது மறந்துபோயிருக்கிறது. கட்டடங்களைப் படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான்.

மற்ற வருடங்களில் அவள் பிள்ளைகளை ஏதாவதொரு தோட்டத்து லயத்தை அளக்கக் கூட்டிக்கொண்டு போவாள். அந்த வருடம் எந்தக் கட்டடத்தைப் படிப்பது என்பதைக் கல்லூரித் தலைவரே முடிவு செய்துவிட்டார். “தி லைன்ஸ்” என்று லயத்தின் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்ட ஹோட்டல். கட்டியவர் ரஜீவ். கொழும்பில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர், கல்லூரி நிர்வாக சபையில் ஒருவர், அந்த ஹோட்டலுக்காகப் பசுமைக் கட்டட விருது வாங்கியவர். தலைவர் படங்களைக் காட்டியபோது யசோதினிக்கு இடம் உடனே தெரிந்துவிட்டது. அவள் பிறந்த தோட்டத்தின் மேல் டிவிசன். அங்கே இருந்த குடும்பங்களைக் கீழ் டிவிசனுக்கு இறக்கிவிட்டு, பழைய லயங்களை இடித்து, அந்த இடத்தை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். இடித்த லயத்தைப் போலவே ரஜீவ் புதிதாக லயம் கட்டியிருந்தார்.

“நீங்கள் அந்தப் பக்கம்தானே? உங்களுக்குப் பெருமையா இருக்குமே” என்றார் தலைவர்.

“ரொம்ப” என்றாள் யசோதினி.

பஸ் மலையேறி ஹோட்டல் வாசலில் நின்றது. பிள்ளைகள் இறங்கியதுமே தொலைபேசிகளைத் தூக்கிவிட்டார்கள். யசோதினி மெதுவாக இறங்கினாள். நீளக் கூரைக்குப் புத்தம்புதுத் தகரம் போட்டு, அதன்மேல் துருவின் நிறத்தைச் சாயமாகப் பூசியிருந்தார்கள். முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை. அதில் தேக்கு நாற்காலிகள். கதவுகளில் ‘காம்பரா ஒன்று’, ‘காம்பரா இரண்டு’ என்று பித்தளையில் எழுத்து. உள்ளே கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு விளக்காக்கியிருந்தார்கள். அவளுடைய அம்மா நாளெல்லாம் நெற்றியில் கயிறு அழுந்தச் சுமந்த கூடைக்குள் இப்போது மஞ்சள் பல்பு எரிந்தது. பின்பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. அந்தச் சுவர் மேற்கே பார்த்திருந்தது.

வரவேற்புத் தேநீர் வந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கக்கத்தில் குடை. பழைய காலத்துக் கங்காணி வேஷத்தில் தட்டை ஏந்திக்கொண்டு வந்தவனைப் பார்த்து யசோதினி கையை நீட்டவில்லை. அவளுடைய தம்பி ரமேஸ்.

ஹோட்டலில் வேலை என்று சொல்லியிருந்தான். இந்த உடுப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவனைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

“என்னாடா இது வேஷம்?”

“யூனிபோம்.”

“தாத்தாவ அடிச்சவன் கோட்ட மாட்டிக்கிட்டு டீ குடுக்குறியா?”

“இந்தக் கோட்டுக்குத்தான்க்கா சம்பளம். அட்டக்கடியில நின்னு மருந்தடிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். மெதுவாப் பேசுங்க, மேனேஜர் பாக்குறாரு.”

“பாக்கட்டும்.”

“ஒங்களுக்கென்னா” என்று தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு ரமேஸ் போய்விட்டான்.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினார்கள். வெப்பமானிகளைத் தொங்கவிட்டார்கள், சுவர்களை அளந்தார்கள், விருந்தினர்களிடம் பேசினார்கள். பின்னேரம் மேற்குக் கண்ணாடி வழியே வெயில் உள்ளே கொட்டியது. பதுளை மலையில், வெளியே போர்வை போர்த்திக்கொள்கிற குளிரில், உள்ளே ஏ.ஸி. ஓடியது. மூங்கில் வேலிக்குப் பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. மூங்கில் எங்கேயிருந்து வந்தது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, “இறக்குமதி” என்று மேனேஜர் பெருமையாகச் சொன்னார். யசோதினி அதையும் குறித்துக்கொண்டாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கொடூரமான சந்தோஷம் ஊறிக்கொண்டிருந்தது. இவ்வளவு மட்டமான கட்டடம் பாடம் நடத்தக் கிடைப்பது லேசில்லை.

மாணவர்களில் கெட்டிக்காரன் துஷாந்த். கொழும்பு வெள்ளவத்தைப் பையன். அவன் கையில் பென்சில் பட்டாலே படம் உயிர் பெறும். முதல் நாளே இஸ்தோப்பில் உட்கார்ந்து, மூடுபனிக்குள் மிதக்கும் லயவரிசையை நீர்வண்ணத்தில் தீட்டிவிட்டான். கீழே ஒரு குறிப்பும் எழுதியிருந்தான். ‘பொதுச்சுவர், சிறிய அறை, குறைந்த தேவை: லயம் நிலைபேறான வாழ்வின் முன்மாதிரி.’

யசோதினி அதை இரண்டு தரம் வாசித்தாள்.

“துஷாந்த், நீங்க லயத்துக்குள்ள இருந்திருக்கீங்களா?”

“இதுதானே மிஸ் லயம்?”

“கீழ போய் ஒரு காம்பராவில அடுப்பு எரியிற நேரம் குந்துங்க. ஆறு பேர் உள்ள இருக்கிற நேரம். பிறகு வந்து குறைந்த தேவை எண்டு எழுதுங்க.”

அவன் முகம் சிவந்தது. ஆனால் போகவில்லை. படத்துக்கு இன்னும் கொஞ்சம் பனி சேர்த்தான்.

கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் ஸனா. பதுளைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவரின் மகள். படம் வரைய வராது. கோடு இழுத்தால் ஆடும். ஆனால் சந்தேகம் ஒன்று பிடித்துவிட்டால் விடமாட்டாள். ஹோட்டலின் கழிவுநீரை நாணல் பாத்தி சுத்திகரிக்கிறது என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. பாத்தியும் இருந்தது. நாணல் செழிப்பாக, காற்றில் ஆடிக்கொண்டு, பக்கத்தில் பித்தளைப் பலகையோடு இருந்தது. ஸனா செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் இறங்கி நின்றாள்.

“மிஸ், கால் நனையல்ல.”

“என்ன?”

“இத்தனை ரூமுட தண்ணியும் இங்க வருதெண்டா சேறா இருக்கணுமே. இது பூச்சாடி மாதிரி காஞ்சி கெடக்கு. அப்ப தண்ணி எங்க போகுது?”

யசோதினி பாத்தியின் ஓரத்துக்கு வந்து குனிந்து பார்த்தாள். இத்தனை வருடம் வகுப்பில் கத்தியதற்கு ஒரு பிள்ளையாவது செருப்பைக் கழற்றியிருக்கிறாள்.

“உங்க கடையில கேசரிப் பவுடர் இருக்குமா?”

“வாப்பாட கடையில மூட்டையாவே இரிக்கி.”

மறுநாள் ஸனாவின் பையில் பவுடர் வந்தது. யசோதினி முதலில் கீழ் டிவிசனுக்கு இறங்கிப்போய், இன்றைக்கு மதியம் வரை, ஓடைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் யாரும் குடிக்கத் தண்ணீர் பிடிக்க வேண்டாம் என்று சொன்னாள். லயத்தின் கோடிக் காம்பராவில் இருக்கும் ரெங்கம்மா, அம்மாவோடு ஒன்றாகக் கொழுந்து எடுத்தவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏன் புள்ள, தண்ணில என்னா?”

“அதத்தான் சின்னம்மா பாக்கப் போறோம்.”

மேலே ஸனாவும் இரண்டு பிள்ளைகளும் மூன்று அறைகளின் கழிவறையில் பவுடரைக் கரைத்து ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். கீழே ஓடைக்கரையில் யசோதினியும் மற்றவர்களும் நின்றார்கள். பெண்கள் சட்டிபானைகளோடு வந்து சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. துஷாந்த் சலித்துப்போய்த் தொலைபேசியை எடுத்தான். அப்போது மேல்கரையில் செடிகளுக்குள் மறைந்திருந்த ஒரு கறுப்புக் குழாயின் வாயிலிருந்து சாயம் இறங்கியது. முதலில் நூல்போல, பிறகு ஓடை அகலத்துக்கு, கல்யாண வீட்டுக் கேசரி நிறத்தில். வளைந்து, கற்களில் மோதி, பீலிக்குத் தண்ணீர் திரும்பும் மடைக்குள் நேராகப் புகுந்தது. பீலியின் வாயில் ஆரஞ்சு கொட்டியது.

ரெங்கம்மாதான் முதலில் வாய் திறந்தாள்.

“அங்க ஊத்துனதா இது?”

“ஆமா சின்னம்மா.”

“கக்கூசுல ஊத்துனதா?”

“ஆமா.”

ரெங்கம்மா கையிலிருந்த குடத்தைக் கவிழ்த்தாள். “புள்ளைங்களுக்கு ஓயாம வயித்தால போவுதுன்னு டிஸ்பென்சரிக்கு நடந்து நடந்து காலு தேஞ்சிச்சி. கொதிக்க வெச்சிக் குடின்னான். எதயின்னு சொல்லல பாரு.”

அன்று மாலை ரமேஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் அக்காவைத் தேடி வந்தான்.

“திருப்தியா? மேனேஜர் என்னயக் கூப்புட்டு வெச்சிக் கேக்குறாரு. ஒங்கக்காதான அந்த மிஸ்ஸுன்னு.”

“அந்தக் குழாய் ஒனக்குத் தெரியுமா?”

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகினான். அதிலேயே பதில் இருந்தது.

“தெரிஞ்சிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்தியா? ரெங்கம்மா பேரப்புள்ளைங்க குடிக்கிற தண்ணிடா.”

“வாயத் தொறந்தா எனக்கு யாரு வேல தருவா? நீங்களா?” என்று ரமேஸ் கேட்டான். “வருஷத்துக்கு ஒருக்கா பஸ்ஸுல வந்து எங்கள அளந்துக்கிட்டுப் போறீங்க. இஸ்தோப்பு இவ்வளவு, காம்பரா இவ்வளவுன்னு. இத்தன வருஷமா அளந்து என்னா கட்டிக் குடுத்தீங்க? அந்த ரஜீவ் அய்யாவாவது ஒரு வேல குடுத்தாரு.”

அவள் கொழும்புக்குத் திரும்பும் வழியில் பண்டாரவளை வரை தம்பியை மனதுக்குள் வைதாள். கோட்டு மாட்டிய கோழை. வயிற்றுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வயிற்றை விற்றவன். பண்டாரவளை தாண்டியபின் வைவதற்கு வார்த்தைகள் தீர்ந்துபோயின. என்ன கட்டிக் கொடுத்தீங்க என்ற கேள்வி மட்டும் மீதியிருந்தது. அதை அவளால் ஏளனம் செய்ய முடியவில்லை.

தவணை முடிவில் பிள்ளைகள் தங்கள் ஆய்வைக் காட்டும் நாள் வந்தது. பிரதம நடுவராக ரஜீவையே கூப்பிட்டிருந்தார்கள். கைத்தறிச் சட்டை, ஒழுங்காக வெட்டிய நரைத்த தாடி, பேசுவதற்கு முன் கண்ணை மூடித் திறக்கும் பழக்கம். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். யசோதினி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் துஷாந்த். சுவர் முழுக்கத் தொங்கிய படங்களைப் பார்த்து மண்டபமே ‘ஆகா’ என்றது. ஹோட்டலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு நீளப் படம் நடுவில் இருந்தது. மலை, கூரை, நாணல் பாத்தி, ஓடை, எல்லாம் இருந்தன. ஓடைக்கரையில் குழாய் இல்லை. அந்த இடத்தில் அழகான ஒரு பன்னச் செடியை வரைந்திருந்தான்.

“குழாய் எங்க துஷாந்த்?” என்று யசோதினி கேட்டாள்.

“ஸ்கேலுக்கு அது தெரியாது மிஸ்.”

“பன்னச் செடி தெரியுது.”

அவன் ரஜீவைப் பார்த்தான். ரஜீவ் லேசாகச் சிரித்தார். ரஜீவின் அலுவலகத்தில் துஷாந்துக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று அதற்கு முந்திய வாரமே வகுப்பில் பேச்சு இருந்தது.

ஸனாவின் படங்கள் கோணல்மாணலாக இருந்தன. அவற்றை அவளே ஒதுக்கிவிட்டு, ஓடைக்கரையில் நின்ற பிள்ளை ஒன்று தொலைபேசியில் எடுத்த காட்சியைத் திரையில் ஓட விட்டாள். ஆரஞ்சுத் தண்ணீர் குழாயிலிருந்து இறங்கி, கல்லில் மோதி, பீலியில் கொட்டியது. ரெங்கம்மாவின் குரலும் கேட்டது. “கக்கூசுல ஊத்துனதா?”

மண்டபத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். ரஜீவ் கண்ணை மூடினார். திறந்தார்.

“மகள், உங்கட முயற்சி நல்லது. ஆனா நாங்கள் இங்க வடிவமைப்பைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறம். பைப் வேலையைப் பற்றி இல்லை. அது கொன்ட்ராக்டர் பார்க்கிற விஷயம். கட்டடத்தின்ர ஆன்மாவை நீங்கள் தவறவிட்டுட்டீங்கள்.”

யசோதினி எழுந்தாள்.

“ஆன்மா எங்க இருக்கு எண்டு நாங்க தேடித்தான் பார்த்தோம் ரஜீவ். சாயம் ஊத்தினதில அது வெளிய வந்துது. நீங்களும் இப்ப பார்த்தீங்க.”

கல்லூரித் தலைவர் தண்ணீர் குடித்தார். ரஜீவின் தாடிக்குள் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் காது சிவந்துவிட்டது.

“உங்களுக்கு அந்த இடத்தோட தனிப்பட்ட உணர்ச்சி இருக்கு, யசோதினி. அது எனக்கு விளங்குது.”

“உங்களுக்கு இல்லாதது எனக்கும் விளங்குது.”

கூட்டம் கலைந்ததும் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். முதல் பரிசு துஷாந்துக்கு என்று நடுவர்கள் தீர்மானித்துவிட்டார்கள், புள்ளியை அதற்கேற்றபடி போடுங்கள் என்றார். யசோதினி துஷாந்துக்குச் சித்தியடையாத புள்ளி போட்டாள். இருந்ததை மறைத்து வரைகிறவன் பொய் சொல்வதற்குத்தான் கை பழக்குகிறான், அந்தக் கைக்கு என் கையெழுத்து இல்லை என்றாள். தலைவர் வேறொருவரை வைத்துப் புள்ளியை மாற்றினார். அடுத்த தவணைக்கு அவளைக் கூப்பிடவில்லை. கூட வேலை செய்தவர்களில் ஒருவர்கூட இதைப் பற்றி அவளிடம் பேசவில்லை. நடைபாதையில் கண்டால் சுவரில் தொங்கிய அறிவித்தல்களை வாசித்தார்கள்.

மலையில் நடந்தது பிறகுதான் அவளுக்குத் தெரியவந்தது. ரமேஸ்தான் தொலைபேசியில் சொன்னான். சித்திரை விடுமுறை, ஹோட்டலில் எல்லா அறையும் நிறைந்திருந்தது. கீழ் டிவிசன் பெண்கள் ரெங்கம்மாவின் தலைமையில், காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன் விடியலிலேயே ஓடைக்கரைக்கு ஏறியிருக்கிறார்கள். குழாயின் வாய்க்குள் சாக்கை அடைத்து, கல்லை வைத்து, சீமேந்தைக் குழைத்து அப்பிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். மதியத்துக்குள் ஹோட்டலின் காம்பராக்களில் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிவறைகள் பொங்கின. பளிங்குபோல் மெழுகிய சாணி நிறத் தரையில் எல்லாம் ஓடியது. விருந்தினர்கள் தேக்கு நாற்காலிகளில் ஏறி நின்று கத்தினார்கள்.

“கொழும்புப் பொம்பள ஒருத்தி கொழுந்துக் கூடையத் தூக்கி மூக்க மூடுறாக்கா” என்று சொல்லும்போது ரமேஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “நானு கோட்டு, தலப்பா எல்லாத்தையும் கழட்டி வீசிட்டு வாளியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன்.”

“யார் அடச்சதுன்னு கேட்டாங்களா?”

“கேக்காம? மேனேஜர் பொலிஸோட லயத்துக்கு வந்தாரு. ரெங்கம்மா சொல்லுது, எந்தக் கொழா அய்யா, ஒங்க தண்ணி நாணல்லதான போவுது, போர்டு போட்டிருக்கேன்னு.”

யசோதினி வாய்விட்டுச் சிரித்தாள். தம்பியோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஹோட்டல் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. ஒழுங்கான தொட்டிகளைத் தோண்டி, பாத்திக்கு உண்மையிலேயே தண்ணீரைத் திருப்பினார்கள். நாணல் முதல் தடவையாகச் சேற்றில் நின்றது. பீலித் தண்ணீர் தெளிந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றால் போவது நின்றது. ரஜீவ் அந்தத் தொட்டிகளை ‘இரண்டாம் கட்டத் திட்டம்: சமூகத்தோடு ஓர் உரையாடல்’ என்று பெயர் வைத்துப் படமெடுத்துப் போட்டார். அதற்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

யசோதினி பதுளைக்கே வந்துவிட்டாள். நகரத்தில் படவரைஞர் பயிற்சி வகுப்பொன்றில் பாடம் எடுக்கிறாள். ஸனா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வந்து உதவுகிறாள். தோட்டங்களில் அரசாங்கம் கட்டிவரும் புது வீடுகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கதவுக்கு நேரே ஜன்னல் இல்லாததைக் காட்டி, அந்தப் பக்கத்து மேசன்மாரோடு சண்டை பிடிக்கிறாள். சண்டைபிடித்ததில் சில வீடுகளில் ஒரு ஜன்னல் கூடுதலாக வந்திருக்கிறது. அவ்வளவுதான். ரமேஸ் அதே ஹோட்டலில்தான் இருக்கிறான். கோட்டு மட்டும் போடுவதில்லை என்று மேனேஜரிடம் சொல்லி, அதை நிறைவேற்றியும் விட்டான்.

சென்ற மாதம் ரஜீவிடமிருந்து அழைப்பு வந்தது. பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“மொனராகலையில ஒரு புதுப் புரொஜெக்ட், யசோதினி. கரும்புத் தோட்டக் குடிசைகளின்ர வடிவம். சமூக ஆலோசகரா நீங்கள் வரவேணும். உங்கட குரல் எங்களுக்குத் தேவை.”

“சுவர் என்ன?”

“மண். அதாவது, மண் மாதிரித் தெரியும். உள்ளுக்குக் கொங்கிரீட்.”

“ஏ.ஸி. இருக்கா?”

“அங்க வெயில் கடுமைதானே. ஆனா பெட்டி வெளிய தெரியாது. ஓலையால மறைச்சிடுவம்.”

பஸ் வந்து நின்றது. கொழுந்துக்காரிகளும் பள்ளிப் பிள்ளைகளும் முண்டியடித்து ஏறினார்கள். ரஜீவ் இன்னும் ஓலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். யசோதினி தொலைபேசியை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் படியில் கால் வைத்தாள்.